விற்றமின் டி 14 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இந்த முறையும் பிரஷர் வருமா?

வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. முதற் பிள்ளைக்கு நாலரை வயது. அந்தக் கர்ப்பத்தில் 33ஆம் கிழமை வரை ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. பிறகு முகமும் கையும் வீங்கி, பிரஷர் 160/110க்கு ஏறி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கி, 35ஆம் கிழமையில் சிசேரியன் செய்து பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். பிள்ளை சில நாட்கள் தீவிர கவனிப்புப் பிரிவில் இருந்து, நலமாக வீட்டுக்கு வந்தது. இப்போது இரண்டாவது கர்ப்பம், 13 கிழமை. அவருடைய அம்மாவுக்கு நீண்ட காலமாகப் பிரஷர் இருக்கிறது. இவருக்கு இப்போதைக்கு 118/76.

கனடாவில் இருக்கும் அக்கா, “விற்றமின் டி குறைந்தால்தான் கர்ப்பத்தில் பிரஷர் வருகிறதாம், பார்த்துக்கொள்” என்று சொன்னதால் தனியார் ஆய்வுகூடமொன்றில் பரிசோதித்திருக்கிறார். 14 என்று வந்திருக்கிறது. “எங்கட இடத்தில 75க்கு மேல இருக்க வேணும், உனக்கு அஞ்சில ஒரு பங்குகூட இல்லை” என்று அக்கா பதறிப்போய், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்களிடம் 5,000 யூனிட் குளிசைப் போத்தல் இரண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார். பாமசி வைத்திருக்கும் உறவினர், ஒரே ஊசியில் சரியாக்கிவிடலாம் என்கிறாராம். கிளினிக்கில் எழுதிக் கொடுத்த அஸ்பிரின் குளிசையோ அலுமாரியில் அப்படியே இருக்கிறது. “இரத்தத்தைத் தண்ணியாக்கும் மருந்து, பிள்ளை தங்காது” என்று மாமி பயந்துவிட்டார். இவரும் பயந்துவிட்டார். மாமி கறியில் உப்பையும் நிறுத்திவிட்டார்.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: “முதல் முறை நான் விற்றமினைக் கவனிக்காததால்தான் பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா? இந்தக் குளிசையைப் போட்டால் இந்த முறை வராதா? போட்டால் அஸ்பிரின் தேவையில்லைதானே?”

தங்கச்சி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. அஸ்பிரின் தேவை. உங்களுக்கு நிச்சயமாகத் தேவை. அது நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் 16ஆம் கிழமைக்கு முன்னரே தொடங்கிவிட வேண்டும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது 14 கிழமை ஆகியிருக்கும். ஆகவே மீதியை ஆறுதலாக வாசியுங்கள், ஆனால் நாளைக்கே கிளினிக்குக்குப் போய், குளிசை இன்னும் தொடங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் ஏசுவார்கள் என்று தயங்க வேண்டாம். குளிசைக்குப் பயந்து நிற்கும் தாய்மாரை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

இனி முதற் கேள்வி. உங்களுக்கு வந்தது பிரிஎக்லாம்ப்சியா என்ற நோய். 20 கிழமைக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போவது, அல்லது ஈரல், சிறுநீரகம், இரத்தம் உறைய உதவும் இரத்தச் சிறுதட்டுக்கள் பாதிக்கப்படுவது என்று அது தெரியவரும். உலகளவில் நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரையானவற்றில் வருகிறது. வீக்கமும் பிரஷரும் எட்டாம் மாதத்தில் தெரிந்தாலும், பல பெண்களில் அதன் தொடக்கம் கர்ப்பத்தின் முதற் பாதியிலேயே நடந்து முடிந்திருக்கும். இளங்கொடி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சூல்வித்தகம் கருப்பைச் சுவரில் பதியும்போது, அங்கே இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்களை அகலமாக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய முதல் வாய்க்காலை வெட்டி அகலிப்பது மாதிரியான வேலை அது. அது அரைகுறையாக நின்றுவிட்டால், பிள்ளை வளர வளரச் சூல்வித்தகத்துக்கு இரத்தம் போதாமல் போகும். அப்போது அது வெளிவிடும் சில புரதங்கள் தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கும். பிரஷரும் வீக்கமும் அதன் விளைவு.

இந்த வேலை ஏன் சிலரில் அரைகுறையாக நிற்கிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. முதற் கர்ப்பம் என்பதே ஒரு காரணம். குடும்பத்தில் பிரஷர், உடற்பருமன், சிறுநீரக நோய், நீரிழிவு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள், இரட்டைப் பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாததோ, ஸ்கூட்டி ஓடியதோ, வேலைக்குப் போனதோ உங்கள் பிள்ளையைக் குறைமாதத்தில் பிறக்க வைக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளையை நேரத்துக்கு எடுத்ததால்தான் இருவரும் தப்பினீர்கள். நாலரை வருடமாக அந்தக் குற்ற உணர்வோடு இருந்திருக்கிறீர்கள் என்று கடிதம் சொல்கிறது. அதற்கு மருத்துவத்தில் ஓர் ஆதாரமும் இல்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் 14

அக்காவின் 75ம் உங்கள் 14ம் வேறு வேறு அளவுகள். கனடாவில் லீற்றருக்கு எத்தனை நனோமோல் என்று எழுதுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மில்லிலீற்றருக்கு எத்தனை நனோகிராம் என்ற கணக்கு. நீங்கள் அனுப்பிய படத்தில், எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கிறது. நனோகிராமை இரண்டரையால் பெருக்கினால் நனோமோல் வரும். ஆகவே உங்கள் 14, அக்காவின் கணக்கில் 35.

அதுவும் குறைவுதான், அதை நான் மறைக்கவில்லை. 20 நனோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு என்று பெரும்பாலான வைத்தியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 12க்குக் கீழே போனால்தான் கடுமையான குறைபாடு. நீங்கள் இரண்டுக்கும் இடையில் இருக்கிறீர்கள். திருத்த வேண்டிய குறைவு, திருத்தக்கூடிய குறைவு. ஐந்தில் ஒரு பங்கு என்ற பயம் அளவு மாறியதால் வந்த பயம்.

ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

விற்றமின் டி குறைந்தால் பிரிஎக்லாம்ப்சியா ஐந்து மடங்கு என்று எங்கோ வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் 2007இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. நோய் வந்த 55 பெண்களையும் வராத 219 பெண்களையும் ஒப்பிட்டார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் விற்றமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. பொய்யான ஆய்வு அல்ல, ஆனால் சிறியது. இன்னொரு சிக்கலும் உண்டு. உடல் எடை கூடியவர்களுக்கு இந்த விற்றமின் கொழுப்பில் தங்கிவிடுவதால் இரத்தத்தில் அளவு குறையும். அதே ஆட்களுக்குப் பிரிஎக்லாம்ப்சியாவும் கூடுதலாக வரும். இப்படியான விஷயங்களைக் கணக்கில் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் முயன்றாலும் முழுதாகப் பிரிப்பது கடினம். இரண்டும் ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதற்காக ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று முடிவெடுக்க ஏலாது.

அதைச் சோதிக்க ஒரே வழி, சிலருக்குக் குளிசை கொடுத்துச் சிலருக்குக் கொடுக்காமல், அல்லது குறைவாகக் கொடுத்து, பார்ப்பது. அமெரிக்காவில் அப்படி நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஒரு பகுதிப் பெண்களுக்குத் தினமும் 4,400 யூனிட், மற்றவர்களுக்கு 400 யூனிட். இரு பகுதியிலும் நூறில் ஏறக்குறைய எட்டுப் பேருக்குப் பிரிஎக்லாம்ப்சியா வந்தது. வேறுபாடு இல்லை. ஆனால் கர்ப்பத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் விற்றமின் அளவு போதியதாக இருந்த பெண்களில் நோய் குறைவாகத்தான் இருந்தது. கர்ப்பம் தரிக்க முதலே அளவு நன்றாக இருந்தால் பயன் இருக்கலாம், நடுவில் தொடங்கினால் பிந்திவிடலாம் என்று அதைச் சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். அது ஊகம், நிரூபணம் அல்ல.

பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்க்கும் கொக்ரேன் குழு, 2019இல் விற்றமின் டி அனேகமாக உதவும் என்று எழுதியது. 2024இல் ஆய்வுகளின் நம்பகத்தன்மையைக் கடுமையாகச் சோதித்து, பலவற்றை விலக்கிவிட்டு, இந்தப் பயன் மிகவும் நிச்சயமற்றது என்று திருத்தியது. அதே 2024இல் அமெரிக்காவின் அகஞ்சுரப்பியியல் (ஹோர்மோன் வைத்தியர்களின்) சங்கம், பிரிஎக்லாம்ப்சியா போன்றவை குறையக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் விற்றமின் டி எடுக்கலாம் என்றது. ஆனால் எல்லாருக்கும் இரத்தத்தில் அளந்து பார்க்கத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமோ, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. குறைபாடு இருக்கக்கூடியவர்களுக்குச் சிறிய அளவில் கொடுக்கலாம் என்கிறது.

இவ்வளவையும் ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், “டொக்டர்மார் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லுகினம்” என்று கடிதத்தில் சலித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சலிப்பு நியாயம். ஆய்வுகளே இன்னும் ஒரு முடிவுக்கு வராத இடம் இது. ஆனால் ஒன்றில் யாருக்கும் வேறுபாடு இல்லை: விற்றமின் டி எடுத்தால் பிரிஎக்லாம்ப்சியா வராது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. உங்கள் எலும்புக்கும் பிள்ளையின் எலும்புக்கும் அது தேவை. அதற்காகவே திருத்துவோம். பிரஷருக்கும் ஏதாவது உதவினால் நல்லது.

போத்தலும் ஊசியும்

அக்கா அன்போடு அனுப்பிய போத்தலை இப்போதைக்கு மூடி வையுங்கள். தினமும் 5,000 யூனிட் என்பது, கர்ப்பிணிகள் வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய உச்ச அளவான 4,000ஐத் தாண்டுகிறது. இதுவரை சில நாட்கள் எடுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அதனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மாதக்கணக்கில், வேறு சத்துக் குளிசைகளோடு சேர்த்து, யாரும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவதுதான் சரியில்லை. விற்றமின் டி உடம்பில் சேர்ந்துகொண்டு போகும். மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, சத்தி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று தொல்லை தரும்.

குறைபாடு உறுதியான கர்ப்பிணிக்குத் தினமும் 1,000 முதல் 2,000 யூனிட் வரை பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேற்று நிபுணர்களின் கல்லூரி 2011இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் அளவுக்கு இந்த எல்லைக்குள்தான் உங்கள் வைத்தியரும் எழுதுவார் என்று நினைக்கிறேன். போத்தலைக் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இடைவெளி விட்டு எடுக்கச் சொல்லி அதையே பயன்படுத்தவும் கூடும். அதை அவர் முடிவெடுக்கட்டும்.

ஊசி வேண்டவே வேண்டாம். இலட்சக்கணக்கான யூனிட்டை ஒரே தடவையில் ஏற்றும் ஊசி கர்ப்பிணிக்கு உரியதல்ல. உறவினர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் இதில் அவர் சொல்லைக் கேட்காதீர்கள்.

பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து காசைக் கரைக்கவும் தேவையில்லை. குளிசை தொடங்கி மூன்று மாதமளவில் வைத்தியர் கேட்டால் ஒரு தடவை பார்த்தால் போதும்.

அலுமாரியில் இருக்கும் அஸ்பிரின்

முன்னர் 34க்கும் 37க்கும் இடைப்பட்ட கிழமைகளில் இந்த நோயால் பிள்ளையை எடுக்க வேண்டி வந்த பெண்ணுக்கு, அடுத்த கர்ப்பத்திலும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று. பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு தரும் கணக்கு இது. நாலில் மூன்று பேருக்குத் திரும்ப வராது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ஆனாலும் நீங்கள் கூடுதல் ஆபத்துள்ள பிரிவில்தான் வருகிறீர்கள். அதனால்தான் கிளினிக்கில் கேட்காமலே அஸ்பிரின் எழுதினார்கள்.

அது என்ன செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆபத்துக் கூடிய பெண்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 11 முதல் 14ஆம் கிழமைக்குள் தொடங்கி 36ஆம் கிழமை வரை இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரினும், மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத குளிசையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 800 பேர். 37 கிழமைக்கு முன் பிரிஎக்லாம்ப்சியா வந்தவர்கள், மருந்தில்லாத குளிசை எடுத்தவர்களில் 35 பேர், அஸ்பிரின் எடுத்தவர்களில் 13 பேர். 2017இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு பல நாடுகளில் வழிகாட்டிகள் மாறின. உங்களுக்குப் போன முறை வந்ததும் 37 கிழமைக்கு முன் வந்த வகைதான். அந்த வகையைத்தான் அஸ்பிரின் கூடுதலாகத் தடுக்கிறது.

மாமியின் பயத்தை நான் மதிக்கிறேன். காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் கண்டபடி அஸ்பிரின் போட்டவர்களைக் கண்ட தலைமுறை அது. அந்த 300 மில்லிகிராமும், அடுத்தடுத்துப் போடுவதும் வேறு கதை. இங்கே கொடுப்பது 75 முதல் 150 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை. பல பத்தாயிரம் கர்ப்பிணிகள் ஆய்வுகளில் இந்த அளவை எடுத்திருக்கிறார்கள். கரு கலைவது அதனால் கூடவில்லை. முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வாயால் கேட்பதைவிட வைத்தியர் வாயால் கேட்டால் அவருக்கு மனம் ஆறும். அதோடு வீட்டில் இன்னொருவர் குளிசையை நினைவூட்டவும் கிடைப்பார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது நல்லது. அஸ்பிரின் ஒவ்வாமை, குடற்புண், இரத்தக் கசிவு நோய், அஸ்பிரினால் கிளம்பும் ஆஸ்மா இருந்தால் தொடங்க முதலே சொல்ல வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்வார். பெரும்பாலும் 36ஆம் கிழமையளவில்.

இதோடு நம் ஊருக்கென்று ஒரு கவனமும் தேவை. உங்கள் ஆறாம், ஏழாம் மாதங்கள் மாரியோடு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகும் காலம் அது. டெங்குவில் சிறுதட்டுக்கள் குறையும். அதோடு அஸ்பிரினும் சேர்ந்தால் இரத்தப்போக்கு ஆபத்து. ஆகவே காய்ச்சல் வந்தால் அன்றைய அஸ்பிரினை எடுக்காமல், ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அஸ்பிரின் எடுக்கிறேன், இத்தனையாவது கிழமை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். காய்ச்சலுக்கோ தலையிடிக்கோ கையிலிருப்பது பரசிற்றமோல் மட்டும்தான்.

கல்சியம், வெயில், உப்பு

கிளினிக்கில் கல்சியம் குளிசை தந்திருப்பார்கள். அதைச் சும்மா சத்துக் குளிசை என்று ஒதுக்காதீர்கள். சாப்பாட்டில் கல்சியம் குறைவாகக் கிடைக்கும் நாடுகளில் கல்சியம் பிரிஎக்லாம்ப்சியாவைக் குறைக்கிறது என்பதற்கு விற்றமின் டியைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது. 2024இல் பெங்களூரிலும் தன்சானியாவின் தாருஸ்ஸலாமிலும் ஒவ்வோர் இடத்திலும் 11,000 முதற் கர்ப்பப் பெண்களிடம் நடந்த ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் கல்சியம் எடுத்தவர்கள் 1,500 எடுத்தவர்களைவிடக் கூடுதலாக இந்த நோய்க்கு ஆளாகவில்லை. குளிசையில் எழுதியிருக்கும் அளவு வேறு, அதில் உண்மையாக இருக்கும் கல்சியத்தின் அளவு வேறு என்பதால் உங்களுக்கு எத்தனை தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்துப் போடாமல் சில மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இரும்புக் குளிசைக்கு மேல் தேத்தண்ணி குடிப்பதும் அப்படித்தான். சாப்பாட்டில் முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி, குரக்கன், எள்ளு, பால், தயிர் எல்லாம் கல்சியத்துக்கு நல்லவை. சூடை, சாளை, கும்பளா போன்ற எண்ணெய்ப்பற்றுள்ள சின்ன மீன்களிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கொஞ்சம் விற்றமின் டியும் உண்டு. பெரிய சுறாவை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

“யாழ்ப்பாண வெயிலில் இருந்துகொண்டு எப்படி எனக்கு விற்றமின் டி குறைந்தது?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நாளை நீங்களே விவரித்திருக்கிறீர்கள். காலையில் கைக்கு முழுநீள உறை, முகத்துக்குத் துணி, ஹெல்மெட்டோடு ஸ்கூட்டியில் அலுவலகம். மாலை வரை ஏசி அறை. வீடு வரும்போது வெயில் சாய்ந்துவிடும். வெயில் ஊரில் இருக்கிறது, உங்கள் தோலில் படவில்லை. மாநிறத் தோலில் இந்த விற்றமின் உருவாகக் கூடுதல் நேரமும் எடுக்கும். மாமி சொல்லும் காலை ஆறரை மணி இளவெயில் மனதுக்கு இதம், ஆனால் விற்றமின் டியை உண்டாக்கும் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயிலிலும் அது கிடைக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரம்தான் கணக்கு. நம் ஊரில் ஏறத்தாழ ஒன்பதரைக்குப் பிறகு, மாலை மூன்று மணி வரை. விடுமுறை நாட்களில் பத்து மணியளவில் முற்றத்தில் கையும் காலும் வெயில்படக் கால் மணித்தியாலம் இருக்கலாம். களைப்பு வந்தால் உடனே நிழலுக்கு வாருங்கள், தண்ணீர் குடியுங்கள். ஆனால் 14ஐ வெயிலால் மட்டும் ஏற்றுவேன் என்று குளிசையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உப்பில்லாத கறியை நிறுத்தச் சொல்லுங்கள். உப்பை நிறுத்தினால் பிரிஎக்லாம்ப்சியா வராது என்பது சரியல்ல. உலக சுகாதார நிறுவனமும் அதற்காக உப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. வழமையான அளவில் போட்டுச் சமைக்கட்டும். கருவாடு, ஊறுகாய், மிக்சர் அளவோடு இருந்தால் போதும். நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். அதுவும் இந்த நோயைத் தடுக்காது, காலில் இரத்தம் கட்டவும் கூடும்.

பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருப்பது

குளிசைகள் எல்லாம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யா. வந்தால் முதல் நாளே கண்டுபிடிப்பதுதான் உங்களையும் பிள்ளையையும் காப்பாற்றும். கிளினிக் திகதி ஒன்றையும் தவறவிடாதீர்கள். முதற் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டைத் தேடி எடுத்து, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்திருங்கள். 35ஆம் கிழமை, 160/110, சிறுநீரில் புரதம் என்ற விவரங்கள் அதில் இருப்பது உங்கள் வாயால் சொல்வதைவிடப் பயன். மகப்பேற்று நிபுணரின் கிளினிக்கில் உங்களைப் பதிந்திருக்கிறார்களா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. என்ன குளிசை, ஏன், எத்தனை நாளைக்கு என்று கேட்பதும் அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

வசதியிருந்தால் மேற்கையில் கட்டும் டிஜிற்றல் பிரஷர் மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது சரிவராது. கிளினிக்குக்கு ஒரு நாள் கொண்டுபோய், அங்குள்ள மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்திருந்து, கால் இரண்டையும் நிலத்தில் வைத்து, கையை மேசையில் நெஞ்சளவு உயரத்தில் வைத்து அளந்து, கொப்பியில் எழுதுங்கள். 140/90 அல்லது கூட வந்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்த்தாலும் அப்படியே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 160/110 என்றால் உடனே.

எண் எப்படி இருந்தாலும் கீழே உள்ளவை வந்தால் காத்திருக்கக் கூடாது:

- பரசிற்றமோலுக்கும் விடாத தலையிடி
- கண்ணுக்கு முன் மின்னுவது, பார்வை மங்குவது
- நெஞ்சுக்குக் கீழே அல்லது வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, அதோடு சத்தி
- முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மூச்சு முட்டுவது
- பிள்ளையின் அசைவு குறைவது

நெஞ்சுக்குக் கீழே வரும் அந்த நோவை வாயு என்று நினைத்து உள்ளிக் கசாயம் குடித்துவிட்டு இரவைக் கழித்துவிட்டு வருபவர்கள் பலர். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அப்படி நோவு வந்தால் முதலில் பிரஷரைப் பாருங்கள். வாகனம் கிடைக்காத நேரமென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆஸ்பத்திரியில் பிரஷரைக் குறைக்கும் மருந்துகளும், வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் சல்பேற் ஊசியும் இருக்கின்றன. அந்த ஊசி வலிப்பை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கிறது என்று 2002இலேயே நிரூபிக்கப்பட்டது. போய்ச் சேர்ந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

பிள்ளை பிறந்தவுடன் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை பிரஷர் இன்னும் ஏறக்கூடும். அந்த நேரம் நீங்கள் வீட்டில், துடக்கென்று அறைக்குள், சரக்குக் கறியும் ஓய்வுமாக இருப்பீர்கள். தலையிடித்தால் நித்திரை இல்லாததால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். முப்பத்தொன்று கழியட்டும் என்று யாரும் உங்களை மறிக்க விடாதீர்கள். மேலே சொன்ன அறிகுறிகள் ஆறு கிழமை வரைக்கும் அதே அவசரம்தான். இதைக் கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஆறு கிழமையில் பிரஷரையும் சிறுநீரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இருதய நோயும் கூடுதலாக வருவதுண்டு. உங்கள் அம்மாவுக்கும் பிரஷர் இருப்பதால், அதன் பிறகும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அளந்துகொள்ளுங்கள். அடுத்த கிளினிக்கில் அஸ்பிரின், விற்றமின் டி இரண்டுக்கும் என்ன அளவு எழுதினார்கள் என்று எனக்கு எழுதுங்கள், தங்கச்சி.